அந்த அஞ்சடிக்கு யார் பொறுப்பு?

பிரமிளா விழுந்ததும் ஓடிவந்தவர்கள் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "மிதிச்சிட்டியா, தாண்டினியா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அவள் இரண்டையும் செய்யவில்லை. வினையே அதுதான்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடைகளுக்கு முன்னால், மேல்மாடிக்குக் கீழே, ஆட்கள் நடந்துபோக விட்டிருக்கும் பாதைக்கு அஞ்சடி என்று பெயர். பெயரில்தான் அஞ்சு அடி. மோகனராஜின் துணிக்கடைக்கு முன்னால் சேலை கட்டிய பொம்மைகளும் தள்ளுபடித் துணிக் கூடைகளும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த வழியில், அமாவாசைக்கு உடைத்த பூசணிக்காய் குங்குமத் தண்ணீரும் விதையுமாகச் சிதறிக் கிடந்தது. கடைக்குப் பட்ட கண்ணெல்லாம் அதில் இறங்கியிருக்கிறது, உடைத்தவரே அதை அள்ளக்கூடாது என்பது மோகனராஜின் கொள்கை. பின்னே யார் அள்ளவேண்டும் என்பதைப் பற்றி அவருக்குக் கொள்கை எதுவும் இல்லை.

பிரமிளாவுக்கு முன்னால் போன சீனர் ஒருவர் சப்பாத்துக் காலோடு அதன் நடுவிலேயே நடந்து போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரமிளாவால் அப்படிப் போக முடியுமா? திருஷ்டி கழித்த காயை மிதிக்கவும் கூடாது, தாண்டவும் கூடாது. கீரைக்கட்டை இடுக்கிக்கொண்டு, பொம்மைக்கும் காய்க்கும் நடுவே ஒற்றைக் காலை மெல்ல வைத்தாள். அங்கேதான் வழவழவென்று ஒரு சதைத் துண்டு கிடந்தது. வலது கையை ஊன்றி விழுந்தாள், மணிக்கட்டு உடைந்தது.

அந்தக் கைதான் அவளுக்குச் சோறு போட்டது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே, கடுகளவு திருகாணிகளை முடுக்குகிற வேலை. கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு திரும்ப மறுத்தது. ஆப்பரேஷன் செய்து, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தால் திரும்பலாம் என்றார் டாக்டர். அதுவரை வீட்டுச் செலவுக்கு யார் கொடுப்பது? வேலைக்குப் போகிற வழியில் விழுந்திருந்தால் தொழிலாளர் காப்பீடான சொக்சோ கொடுத்திருக்கும். அவள் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை, கீரை வாங்கப் போன வழியில்.

வருஷா வருஷம் தீபாவளித் துணி எடுக்கிற கடையாயிற்றே, மனுஷன் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று மோகனராஜிடம் போனாள். அவர் உட்காரச் சொன்னார், தே தாரேக் வரவழைத்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

"கடைக்குள்ள விழுந்திருந்தா நானே காடியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன்மா. அஞ்சடி கவர்மெண்டு இடம்லா. அங்க நடந்ததுக்கு என்னைக் கேட்டா எப்படி?"

அந்த இனிப்பு டீயை அவர் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது அவளுக்கு. குடித்துவிட்டு வந்தாள்.

அரசாங்க ஆபீசில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ரோடும் சாக்கடையும் எங்களுடையது, அந்தக் கட்டடத்து அஞ்சடி நிலம் கட்டடக்காரருடையது, அவரைக் கேளுங்கள் என்றாள். கட்டடக்காரரோ, முன்பக்கம் பின்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மோகனராஜுக்குத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். திரும்ப மோகனராஜிடம் போனால், பழையபடி கவர்மெண்டு இடம். பூசணிக்காய் மட்டும் வானத்திலிருந்து விழுந்திருக்கும் போல.

வீட்டில் இன்னும் மோசம். விட்டுத்தொலை, நாளைக்கு அந்த மனுஷன் முகத்தில் விழிக்கவேண்டாமா என்று புருஷன் குணாளன் சலித்துக்கொண்டான். கடைக்குப் பட்ட கண் அண்ணி மேல் ஏறிவிட்டது, அண்ணிக்கும் ஒரு பூசணிக்காய் உடைக்கலாம் என்று நாத்தனார் யோசனை சொன்னாள். இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரமிளா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

இலவச சட்ட உதவிக்கு வந்த வக்கீல் தனுஜா ஒருத்திதான் முழுக்கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நிலம் யாரு பேருல இருக்குங்கிறது ஒரு பக்கம்க்கா. அந்த இடத்தை யாரு தன் கைக்குள்ள வச்சிருந்தாங்க, ஆபத்துன்னு தெரிஞ்சும் யாரு அதை அப்படியே போட்டு வச்சாங்க, இதைத்தான் கோர்ட்டு கேக்கும். அவரு அது தன்னோட இடமே இல்லைங்கிறாரு. அவரு கைக்குள்ளதான் இருக்குன்னு சொல்ல நமக்கு ஆள் வேணும்."

ஆளுக்கு எங்கே போவது? அன்றைக்குக் கூடி நின்ற அத்தனை பேருக்கும் இப்போது கண் தெரியவில்லை. மோகனராஜ் கடைத் தூணோரம் பூ விற்கிற ராமசாமிதான் அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர். அவரே, "நான் பார்க்கலியே தங்கச்சி," என்று மல்லிகைச் சரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் பூத்தட்டை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்வதும் மோகனராஜ்தான். தள்ளி வை என்றால் தள்ளி வைப்பார், எடு என்றால் எடுத்துவிடுவார். பிரமிளாவுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுபடி ஒரு அமாவாசை வந்தது. மோகனராஜ் சூடம் கொளுத்தி, சுற்றி, பூசணிக்காயை அதே இடத்தில் போட்டு உடைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார். டத்தோ கிராமாட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியை அந்தக் காய்க்குப் பக்கத்தில் போட்டு பிரமிளா உட்கார்ந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "பார்த்துப் போங்க, வழுக்கும். இதே மாதிரி ஒரு காயாலதான் நான் விழுந்தேன்," என்று திரும்பாத கையைத் தூக்கிக் காட்டினாள். கத்தவில்லை, சண்டை போடவில்லை. துணி எடுக்க வந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள், சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார்கள், எதிர்க் கடைக்குப் போனார்கள்.

கடைப் பெண்ணை அனுப்பிக் கெஞ்சிப் பார்த்தார் மோகனராஜ். அது பலிக்காமல் தானே இறங்கி வந்தார். முகம் குங்குமத்தைவிடச் சிவந்திருந்தது.

"எந்திரி. இது என் கடை வாசல். என்னைக் கேக்காம இங்க யாரும் உக்காரக்கூடாது."

"கவர்மெண்டு இடம்னு சொன்னீங்களே, அண்ணே."

"எந்தக் கவர்மெண்டு வந்து பாக்குது? இங்க யாரு நிக்கணும், யாரு உக்காரணும்னு இத்தனை வருஷமா நான்தான் சொல்றேன். வேணும்னா இவரைக் கேளு," என்று ராமசாமியைக் கை காட்டினார்.

பிரமிளா எழுந்திருக்கவில்லை. இந்த ஒரு பேச்சுக்காக எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறாள்! மெல்லத் திரும்பி ராமசாமியைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா, அண்ணே?"

ராமசாமி பூக்கட்டுவதை நிறுத்தினார். மோகனராஜைப் பார்த்தார், தன் பூத்தட்டைப் பார்த்தார், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுச்சு தங்கச்சி," என்றார். "அன்னைக்கு நீ விழுந்ததையும் பார்த்தேன்."