வளைவில் கத்திய பிளஷர்

எங்க பிளஷர் கார் நேரா போற வரைக்கும் சாதுவா போகும். ஸ்டியரிங்கை ஒடிச்சா போதும், அறுக்கப் புடிச்ச ஆடு மாதிரி கத்தும். புதூர்நாட்டு மலைப்பாதையில நேரான ரோட்டுக்கு எங்க போறது? வளைவுக்கு வளைவு கத்திக்கிட்டே ஏறும், கத்திக்கிட்டே எறங்கும்.

அது வெள்ளைக்காரன் காலத்து வண்டி. என் வூட்டுக்காரரும் வாணியம்பாடியில இருந்த அவரோட அண்ணனும் பாதிப் பாதி போட்டு வாங்கினது. இவர் ஓட்டுவார். மலையிலிருந்து புளி மூட்டையும் ஆளுங்களையும் ஏத்திக்கிட்டு திருப்பத்தூருக்குப் போவார். அதுக்கு முன்னாடி இவரும் வாணியம்பாடியில தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டிக்குள்ள நின்னவர்தான். கல்யாணமான புதுசுல இவரால சோத்தைப் பிசைய முடியாது. விரலிடுக்கெல்லாம் வெடிச்சுப் புண்ணா கெடக்கும். நான்தான் பிசைஞ்சு உருட்டிக் குடுப்பேன். மலைக்குக் குடிவந்தப்புறம்தான் அந்தப் புண்ணு ஆறுச்சு.

சத்தம் ஆரம்பிச்சதும் சவாரி கொறைஞ்சு போச்சு. "மூட்டையை மட்டும் ஏத்திக்க பாய், நாங்க நடந்தே வந்துர்றோம்"னு மலைக்காரங்க சிரிச்சாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. பள்ளத்தை ஒட்டித் திரும்புறப்ப வண்டி அலறுனா யாருக்குத்தான் ஏற மனசு வரும்?

கீழே ஒரு மெக்கானிக் பாத்தார். முன்சக்கரம் எந்த இரும்பு முளைமேல திரும்புதோ அதுக்குக் கிங்பின்னு பேராம். அது தேஞ்சு போச்சு, இந்த வண்டிக்கு இனிமே சாமான் வராது, வந்த வெலைக்குத் தள்ளிவுட்டுடுங்கன்னுட்டார். சேதி அண்ணன் காதுக்குப் போச்சு. உடனே ஆள் மூலமா சொல்லியனுப்பினார்: வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் வாங்குற ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றேன், வண்டியைக் குடுத்துடலாம், தோல் ஷாப்பு முதலாளிகிட்ட உனக்கு பழைய வேலையையே கேட்டு வச்சிருக்கேன்.

இவர் "சரி"ன்னுட்டார். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். எனக்கு வந்தது பாருங்க கோவம். சரியாம், சரி! மறுபடியும் அந்தத் தொட்டியில கொண்டுபோய் இவரை எறக்க நான் வுடுறதா இல்ல.

"தேஞ்சிருந்தா சக்கரம் ஆடணுமே, ஆடுதா?"ன்னு கேட்டேன்.

"ஆடல."

"அப்ப இன்னாத்துக்குக் கத்துது?"

"காஞ்சு கெடக்கும். கிரீஸ் அடிச்சேன், அப்பவும் நிக்கல."

"அடிச்சது உள்ள போச்சா?"

குனிஞ்சு சக்கரத்தைப் பாத்தார். போச்சான்னுதானே கேட்டேன்னு அதட்டினதும், வெளியிலதான் வழியுதுன்னார்.

அவரை உள்ள உக்கார வச்சு, நின்ன வண்டியிலேயே ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒடிக்கச் சொன்னேன். நான் சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு மண்ணுல படுத்து, முன்சக்கரத்துக்கு உள்பக்கமா கையை வச்சுப் பாத்தேன். வலது பக்கம் சும்மா இருந்துச்சு. இடது பக்கம் கை வச்சதும் முழங்கை வரைக்கும் அதிருது. அந்தப் பக்கமா போன பொம்பளைங்க நின்னு வேடிக்கை பாத்தாங்க. பாயம்மாவுக்கு வேற வேலையில்லன்னு ஒருத்தி சொன்னா. இருந்தா செய்ய மாட்டேனாடின்னு அங்கிருந்தே திருப்பிக் குடுத்தேன்.

இடம் தெரிஞ்சு போச்சு. ஆனா கிரீஸ் ஏன் உள்ள போகல? அதை யோசிச்சுக்கிட்டே கேழ்வரகு அரைக்க உக்காந்தேன். திருகைக் குழியில தானியம் அடைச்சுக்கிச்சு. வழக்கம்போல மேல்கல்லை லேசா தூக்கி வுட்டேன், கடகடன்னு உள்ள எறங்குச்சு. கை அப்படியே நின்னு போச்சு. கல்லு கல்லுமேல உக்காந்திருந்தா நடுவுல எதுதான் நுழையும்? வண்டியோட பாரமெல்லாம் அந்த முளைமேல உக்காந்திருக்கு. இவர் வண்டியைத் தரையில நிறுத்திக்கிட்டே கிரீஸ் அடிச்சிருக்கார்.

மாவுக் கையோட வெளியில ஓடினேன். "ஏங்க, சக்கரத்தைத் தூக்கிட்டு அடிங்க."

இன்னா ஏதுன்னு கேக்காம ஜாக்கியைப் போட்டார். அந்தக் கொணம் மட்டும் அவர்கிட்ட நல்ல கொணம். சக்கரம் அந்தரத்துல தொங்குச்சு. முதல்ல கிருஷ்ணாயில் ஊத்தி ஊற வச்சோம். அவர் சக்கரத்தைப் புடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பிக்கிட்டே இருக்க, நான் கிரீஸ் பம்பை அமுக்கினேன். கறுப்பா, கெட்டியா, மண்ணும் துருவுமா அடியில பிதுங்குச்சு. வுடாம அமுக்கினேன். கடைசியில புதுக் கிரீஸ் பளபளன்னு எட்டிப் பாத்துச்சு. என் வாழ்க்கையில அதைவிட அழகா ஒண்ணை நான் பாத்ததில்ல, என் கல்யாணச் சேலையையும் சேத்துத்தான் சொல்றேன்.

வெள்ளிக்கிழமை அண்ணனைக் கூட்டிவர இவர் கீழே எறங்கினப்ப நானும் வண்டியில ஏறிக்கிட்டேன். திருப்பத்தூர்ல அண்ணனும் வாங்க வந்தவரும் ஏறினாங்க. முதல் வளைவு வந்துச்சு. அண்ணன் முன்கூட்டியே முகத்தைச் சுளிச்சுக்கிட்டார். வண்டி வாயே தொறக்கல. அடுத்த வளைவு, அதுக்கடுத்தது. எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒண்ணுமில்ல. நான் வெளியில பாக்குற மாதிரி பல்லைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கிக்கிட்டேன்.

மேல வந்து நின்னதும் வாங்க வந்தவர் எறங்கி, வண்டியைச் சுத்தி வந்து, "இவ்ளோ நல்ல வண்டியையா குடுக்குறீங்க? நான் எடுத்துக்கறேன்"ன்னார்.

அடிப்பாவி, உன் கையாலயே சரிபண்ணி வித்துக் குடுத்துட்டியேன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். அண்ணன் சரின்னு தலையை ஆட்டினார். இவர் ஸ்டியரிங்கைப் புடிச்சபடியே உக்காந்திருந்தார்.

"வண்டி விக்கிறதுக்கில்லங்க."

யார் சொன்னதுன்னு ஒரு நிமிஷம் எனக்கே புரியல. இவர்தான் சொன்னார், சத்தம்கூடப் போடாம.

வந்தவர் அண்ணன் முகத்தைப் பாத்தார். அண்ணன் தம்பி முகத்தைப் பாத்தார். அதுக்குள்ள மலைக்காரங்க புளி மூட்டையோட வந்து, வண்டி கத்தலையே பாய்னு கேட்டுக்கிட்டே ஏற ஆரம்பிச்சுட்டாங்க. கீழே போக வேற வழி ஏது? வாங்க வந்தவரும் மூட்டைங்களுக்கு நடுவுல காலை மடக்கி உக்காந்துக்கிட்டார்.

அண்ணன் ஏறுறதுக்கு முன்னாடி கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னார். "முதலாளிகிட்ட நான் இன்னா சொல்றதுடா?"

இவர் வண்டியைக் கிளப்பினார். "எனக்கு வேலை இருக்குன்னு சொல்லுங்கண்ணே."