புதன்கிழமை விருந்தாளிகள்

தோல் பதனிட ஊறுகிற ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாடையோடு அம்மா டீயில் தட்டிப் போட்ட ஏலக்காயின் மணமும் கலந்து வந்தால், அன்றைக்குப் புதன்கிழமை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அறுபதுகளில் ஆம்பூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் ஊர்ச் சேவைக் கழகம் வாரந்தோறும் கூடியது. மருந்துக்கடை வைத்திருந்த அப்பா அதன் செயலாளர். உறுப்பினர்களில் பாதிப்பேர் தோல் டேனரி முதலாளிகள். வாரத்துக்கு ஒருவராக வெளியூரிலிருந்து பேச வருகிறவரைத் தெருப்பிள்ளைகள் நாங்கள் "புதன்கிழமை சார்" என்போம்.

மற்ற ஊர்களில் பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்களாம். எங்கள் கழகம் அப்படியில்லை. "வந்தவர் பேச்சு வீணா போவக் கூடாது" என்பார் தலைவர் பாய். பேசியவர் சொன்னதில் ஏதாவது ஒன்றை அடுத்த புதனுக்குள் தொடங்கியே ஆக வேண்டும். கண் டாக்டர் பேசினார், பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. தேனீ வளர்ப்பவர் பேசினார், தலைவர் தம் தோட்டத்தில் பெட்டி வைத்து முகமெல்லாம் கொட்டு வாங்கினார். சொன்னது சரிதானா என்று யோசிக்கிற வழக்கம் மட்டும் கழகத்தில் இல்லை.

ஒரு மழைக்காலப் புதனில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அவர் மேசைமேல் விரித்த ஈரத்தோல் நீலமாக இருந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல் தம்முடைய குரோம் மருந்தில் ஓரிரு நாளில் பதமாகிவிடும் என்றார். கைக்குக் கை மாறி அந்தத் தோல் என்னிடமும் வந்தது. செத்த மாட்டுக்கு இந்த நிறம் ஆகாது என்று தோன்றி, பயந்துபோய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். பேச்சின் நடுவே வெள்ளிக் கூஜாவில் இருந்த எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தவர், "எளநி மாதிரி இருக்குது சார்" என்றார். தெருவே குடித்த தண்ணீர் அது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சோதித்துப் பார்க்க, தோலை மருந்தில் போட்டுச் சுழற்றும் மர டிரம் ஒன்று போட வேண்டும், இடம் யார் தருவது என்று தலைவர் கேட்டதும், அதுவரை எந்தத் திட்டத்துக்கும் இடம் தர வாய்க்காத அப்பா எழுந்து எங்கள் பின்மனையைத் தந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அம்மா கேட்டாள். "கெணறு பக்கத்துலயே இருக்குதே, தண்ணி இன்னா ஆவும்?"

"ஒரே ஒரு டிரம்மு. இதுக்குப் போய் பேஜார் பண்ணாத. சபையில சொன்னத வாபஸ் வாங்கச் சொல்றியா?" என்றார் அப்பா.

கொட்டகை எழுந்தது. ஒரு டிரம், சில வருஷங்களில் ஒரு வரிசையாயிற்று. கழிவு ஓடிய கால்வாயோரத்து முருங்கை முதலில் பட்டுப்போயிற்று. பிறகு அம்மாவின் அடுப்பில் பருப்பு வேகவில்லை. "காலைல வச்சது, இன்னும் கல்லாட்டம் கீது" என்று கரண்டியோடு நின்றாள். குடத்தோடு வந்த பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். புதன்கிழமைகளில் மட்டும் அப்பா பக்கத்து ஊரான மாதனூரிலிருந்து தண்ணீர் வரவழைத்து, அதே வெள்ளிக் கூஜாவில் ஊற்றி விருந்தாளியின் முன்னால் வைத்தார். கிணற்றைப் பற்றி மட்டும் அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இப்போது அந்தக் கிணற்றின் வாயைச் சிமென்ட் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். அதன்மேல் விலைக்கு வாங்கிய தண்ணீர்க் கேன்கள் நிற்கின்றன. பட்டை வாடை ஊரை விட்டே போய்விட்டது. கழகத்துக்குச் சொந்தமாக ஏசி அரங்கம் இருக்கிறது. போன மாதம் என்னையே அங்கே பேச அழைத்தார்கள், தண்ணீரைப் பற்றி. வேகாத பருப்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள்.

"அடுத்த புதனுக்குள்ள இன்னா ஆரம்பிக்கப் போறீங்க?" என்று செயலாளரைக் கேட்டேன்.

இளைஞர், மரியாதை தெரிந்தவர். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தார்.

"அடுத்த புதன் வேற ஒருத்தர் பேச வர்றாரும்மா" என்றார்.