கணக்கில் வராத சபை

ஸ்ரீரங்கத்தில் சித்தப்பா வீட்டுக் கூடத்து ரேடியோ செய்தியைச் சொல்லி முடித்த பிறகும் அவர் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எழுபத்தாறாம் வருஷம், ஜனவரிக் கடைசி. மாநில அரசை நீக்கிவிட்டார்கள், சட்டசபையைக் கலைத்துவிட்டார்கள், இனி ஜனாதிபதி ஆட்சி என்று செய்தி சொன்னது. சித்தப்பா எங்கள் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர். செய்திக்குப் பின் ஏதோ வீணைக் கச்சேரி தொடங்க, சித்தி வந்து ரேடியோவை அணைத்தாள். "நான் இனிமே எம்.எல்.ஏ. இல்லம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உறவில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதைச் சொல்கிற குரல்.

நான் அப்போது அவர் வீட்டில் தங்கி, கொள்ளிடத்துக்கு வடகரையில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பஸ் ஏறிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வர வேண்டும். பையன்கள் வந்தார்கள். பெண்களை யாரும் அனுப்பவில்லை. பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கச் சொல்லி நான் சித்தப்பாவை நச்சரித்தபடி இருந்தேன். அவரும் விடாமல் மெட்ராஸுக்கு அலைந்து, வரும் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிடலாம் என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். அதை நம்பி நான் பிள்ளைகளிடம் சொல்லியும்விட்டேன்.

மறுநாள் காலையிலும் வழக்கம்போல் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். "என்கிட்ட இப்ப எந்த அதிகாரமும் இல்லைங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் குறையைச் சொல்லத் தொடங்கினார்கள். அவரும் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கேட்பதைத் தவிர வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பள்ளி விஷயமாக ஒருமுறை நானும் அவரோடு திருச்சியில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். முன்பெல்லாம் அவரைக் கண்டால் எழுந்து வருகிற அதிகாரி அன்று எங்களை வெகுநேரம் பெஞ்சில் உட்காரவைத்தார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. "புதுசா எதுவும் இப்ப தொடங்கக் கூடாதுன்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க சார். யார்கிட்ட கேக்கறதுன்னு எனக்கே தெரியலை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால் அவரிடம் கோபப்படவும் வழியில்லை.

ஜூன் வந்தது. ஒன்பதாம் வகுப்பு வரவில்லை. என் வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகப் படித்த பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்து, சித்தப்பாவை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வயல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். எங்களுக்குப் பாய் விரித்துவிட்டுத் தான் நின்றுகொண்டார்.

"ஒரு வருஷம் பொறுங்க. எப்படியும் வாங்கிடலாம்" என்றார் சித்தப்பா.

"உங்க பேச்சை நம்பித்தானுங்க இவ்வளவு நாள் இருந்தோம். இப்ப நீங்களே பதவியில இல்லைங்கறாங்க. யாரை நம்பி நிறுத்தி வைக்கச் சொல்றீங்க?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஒரு பெயரை எதிர்பார்த்துக் கேட்டார். கதவோரம் நின்ற பெண் எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது.

அந்த வருஷக் கடைசியில் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை மாநிலத்தின் பொறுப்பில் இருந்த கல்வி, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. சித்தப்பா செய்தித்தாளை மடித்து மடித்து அதையே படித்துக்கொண்டிருந்தார். "அவங்க மட்டும் நினைச்சா மாத்திட முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாதும்மா. பார்லிமெண்ட்ல நிறைவேறினாப் போதாது. பட்டியலை மாத்தணும்னா பாதி மாநிலங்களோட சட்டசபையாவது சம்மதிக்கணும். அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க."

"நம்ம சட்டசபை?"

"கலைச்சாச்சே. வேணும்னு சொல்லவும் ஆள் இல்ல, வேண்டாம்னு சொல்லவும் ஆள் இல்ல. மத்த சபைங்க போதும். நாம அந்தக் கணக்குலயே வரலை." செய்தித்தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, "நம்ம பள்ளிக்கூடத்துக்கும் இதுக்கும் நேரா சம்பந்தம் இல்லம்மா. ஆனா எனக்கு என்னமோ ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார்.

அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார், எதிர்க்கட்சி வரிசையில் உட்கார. பள்ளிக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எண்பதில் அந்தச் சபையையும் பாதியிலேயே கலைத்தார்கள். ஐந்து வருஷத்தை அவர் ஒருமுறைகூட முழுதாகப் பார்க்கவில்லை. இந்தத் தடவை ரேடியோ முன்னால் நிற்கவில்லை. முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், கேட்டுவிட்டு மீதிப் பாதியையும் நிதானமாகச் செய்து முடித்தார். அதற்குப் பிறகு தேர்தலில் நிற்கவில்லை.

இன்று தொலைக்காட்சியில் மாநில உரிமை பற்றி நாலு பேர் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசுகிறார்கள். சட்டசபைகளை முன்போல் சுலபமாகக் கலைத்துவிட முடியாது, நீதிமன்றம் கேள்வி கேட்கும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் பள்ளிக்கு உயர்நிலை வகுப்புகள் வந்த நாள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் நடுவில், வேறொருவர் உறுப்பினராக இருந்தபோது அது வந்தது. விழாவுக்குச் சித்தப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊர்க்காரர்களோடு பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பேச்சுகள் முடிந்து எல்லாரும் எழுந்தபோது, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக, அன்று மோர் கொண்டுவந்து வைத்த அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். புதிதாக வெள்ளையடித்த வகுப்பறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "டீச்சர், என்னை இப்ப ஒம்பதாவதுல சேத்துப்பாங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. விழாவில் கொடுத்த மிட்டாய் அவர் கையிலேயே இருந்தது. குனிந்து, அதை அவளுடைய மூத்த குழந்தையின் கையில் வைத்தார். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்.