ஞாயிற்றுக்கிழமை ஊறும் கிணறு

நிலக்கோட்டையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். 1950-களின் கடைசி. சித்திரை வெயில். சனிக்கிழமை.

மூன்று மாதம் மாவாட்டிய ஓட்டலில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. முந்தின நாள் மத்தியானம் அரிசி மூட்டை மேல் கொஞ்சம் சாய்ந்தேன்; முதலாளி முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். அவ்வளவுதான். பாதியில் விட்டுப் போவது எனக்குப் பழக்கம் – ஐந்தாம் வகுப்பில் ஆரம்பித்தது!

கொடைரோடு தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றில் கமலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாடுகளைப் பூட்டிச் சாலில் தண்ணீர் இறைப்பார்களே, அதுதான். பம்ப்செட் அந்தப் பக்கம் வராத காலம். மாட்டை ஓட்டியவர் பெயர் சூசை. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை. என் கழுத்திலும் ஒன்று கிடந்தது... அம்மா போட்டது. கழற்றாமல் இருந்தது மட்டும்தான் என் பக்தி.

“வேலை இருக்காண்ணே?”

“இருக்கு தம்பி. கமலை ஓட்ட ஆளு வேணும். ஆனா நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை பேசிக்கிருவோம்.”

“அதுவரைக்கும் சும்மாவா சாப்பிடுறது?”

அவர் மனைவி ஞானம்மா அக்காவுக்குச் சிரிப்பு. “சும்மா இருந்தா சோறு எறங்காதாக்கும்? நாளைக்கு எங்க மாடும்தான் சும்மா இருக்கும். அதுகளப் பட்டினியா போட்டுருக்கோம்?”

அந்த வேலை எனக்கு வேண்டும். பையில் காசில்லை. இனிமேல் நடக்க உள்ளங்காலில் தோலும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் புருஷனும் பெண்டாட்டியும் மூன்று மைல் தள்ளியிருந்த கோயிலுக்குப் பூசை காணப் புறப்பட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கால் கொப்புளத்தைக் காட்டித் தப்பித்தேன்.

ஆனால் சும்மா உட்கார முடிகிறதா? கைகள் இரண்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தன. திங்கட்கிழமை வேறு எவனாவது வந்து நின்றால்? என் சாமர்த்தியத்தை இன்றைக்கே காட்டிவிட்டால்?

மாடுகளைப் பூட்டினேன். வலத்து மாடு இரண்டு தடவை படுத்துக்கொண்டது. அதற்குத் தெரிந்திருக்கிறது... எனக்குத் தெரியவில்லை. சூசையின் கத்தரிப் பாத்தி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினேன். கடைசிச் சாலில் சேறுதான் வந்தது.

பூசை முடிந்து வந்த சூசை ஈரப் பாத்தியைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பையா வந்துவிட்டார். கிணறு இருவருக்கும் பொது. வாரம் முழுக்க இறைத்து வற்றுகிற கிணறு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் நிம்மதியாக ஊறும். திங்கட்கிழமை முறை கருப்பையாவுடையது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் மிளகாய் நாற்று நட்டிருந்தார்.

“என்னா மச்சான், உங்க சாமி லீவ ரத்துப் பண்ணிட்டாரா?” என்று சூசையைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “என் நாத்து நாளைக்கு என்னத்தக் குடிக்கும்? இவன் வேர்வையவா? இவன இப்பவே பத்தி விடுங்க!”

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். விரட்டும் முன்னால் போய்விடுவது நம் கௌரவம் அல்லவா?

“எங்கலே கெளம்பிட்ட?” என்றார் சூசை. “ஞாயித்துக்கிழமை யாரையும் வெரட்டுறதும் இல்ல. அதுவும் ஒரு வேலதான். ” கருப்பையாவைப் பார்த்து, “மாப்ள, செவ்வாக்கிழமை என் முறையையும் நீயே எடுத்துக்க.” பிறகு என்னிடம், “ஆண்டவரே ஆறு நாள் வேல செஞ்சுட்டு ஒக்காந்துட்டாரு. ஒனக்கு என்னா அம்புட்டு அவசரம்? போய்ப் படு.”

அக்கா கறிக்குழம்பு ஊற்றினார். அதற்குப் பிறகு அவரும் அடுப்பைத் தொடவில்லை. ராத்திரிக்கும் அதே சோறு, அதே வெஞ்சனம். வேப்பமர நிழலில் ஆளுக்கொரு பாய். சூசை எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார் – பாதிப் பாட்டில் குறட்டை. கெடுத்தவன் நான், முறையை இழந்தவர் அவர். அவர் தூங்குகிறார்!

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. உழைக்க உடம்பில் தெம்பு போதும். ஓய்வெடுக்கத்தான் நம்பிக்கை வேண்டும் – நான் பார்க்காவிட்டாலும் கிணறு ஊறும் என்கிற நம்பிக்கை. அது என்னிடம் இல்லை. பூசைக்குப் போகாததைவிடப் பெரிய குறை அது என்று நினைக்கிறேன். இன்றைக்கும் முழுசாக வந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். இதைப் படிக்கிற உங்களுக்கு?

பிறகு தூங்கிவிட்டேன். அப்படி ஒரு மத்தியானத் தூக்கம்! அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ மரம்... அந்த நிழல் மட்டும் மறுபடி கிடைக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் கருப்பையா மண்வெட்டியோடு வந்தார். “தண்ணிதான் இல்லையே, தூராவது வாருவோம். ஊத்துக்கண்ணு அடைஞ்சு கெடக்கு. அது தெறந்தா நாத்து பொழைச்சுரும். காலி பண்ணுனவனே எறங்கட்டும். கூலி தாரேன்.”

இறங்கினேன். முழங்கால் வரை சேறு. நாலு கூடை ஏற்றிவிட்ட பிறகுதான் நினைவு வந்து, அண்ணாந்து கேட்டேன்:

“அண்ணே, இந்த வேலைக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?”

மேலிருந்து கருப்பையாவின் குரல் வந்தது: “ஞாயித்துக்கிழமை நீ கெணத்துப் பக்கம் தலையக் காட்டிப் பாரு... கால ஒடிச்சுருவேன்!”