என் குரலை நம்பாத என் மனைவி

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம் தி.நகர் ரங்கநாதன் தெரு. ஆடித் தள்ளுபடி நேரத்தில் அந்தத் தெருவுக்குள் போனவர்களுக்குத் தெரியும், நாமாக நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் ஏதாவது ஒரு கடைக்குள் விட்டுவிடும். ஆவணியில் என் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். பட்டு வேட்டியைத் தன் கையால் தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று மாமனார் பிடிவாதம் பிடிக்கவே, மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் அவரை அழைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

மாமாவுக்கு வயது எழுபத்தெட்டு. சர்க்கரை நோயாளி. காலையில் இன்சுலின் போட்டால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. தள்ளிப்போனால் கை நடுங்கும், கண் இருட்டும். ஒருமுறை வீட்டிலேயே மயங்கி விழுந்து எங்களைப் பதற வைத்திருக்கிறார். அதனால் வேட்டி எடுத்ததும் நேராக ஹோட்டல் என்பதுதான் எங்கள் திட்டம்.

கடையிலிருந்து வெளியே வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்திருப்பேன். ஒரு பெரிய குடும்பம் எங்கள் நடுவே புகுந்து போனது. அவர்கள் கடந்து போன பிறகு பார்த்தால் மாமாவைக் காணவில்லை. சரி, போன் போடலாம் என்று சட்டைப் பையைத் தொட்டால் போனும் இல்லை. விழுந்ததா, எவனாவது உருவினானா, இன்று வரை தெரியாது.

"மாமா! மாமா!" என்று கத்தினேன். அந்தத் தெருவில் மாமா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், நம் மாமா மட்டும் திரும்புவதில்லை. வெயில் வேறு உச்சிக்கு வந்துவிட்டது. அவர் எங்காவது மயங்கி விழுந்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் யார் குனிந்து பார்ப்பார்கள்?

அவரிடம் ஒரு போன் இருக்கிறது. ஆனால் அந்த நம்பர் என் போனுக்குள் அல்லவா இருக்கிறது! இந்தக் காலத்தில் யார் நம்பரை மனப்பாடம் செய்கிறோம்? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் மனைவியின் நம்பர் ஒன்றுதான். கேஸ் சிலிண்டர் முதல் ரேஷன் கார்டு வரை எல்லாவற்றுக்கும் அவள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம்.

ஒரு நகைக்கடை வாசலில் பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா, தங்கை என்று முகமே சொன்னது. அக்காவிடம் போய், "அம்மா, ஒரே ஒரு போன் பண்ணிக்கலாமா?" என்றேன். அந்த அம்மாள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "இந்தா நைனா, பேசு. ஏன் இப்டி வேர்த்து ஊத்துது உனுக்கு?" என்று கேட்டபடியே போனைக் கையில் கொடுத்துவிட்டார்.

மனைவி எடுத்ததும் படபடவென்று சொன்னேன். "நான்தான் பேசறேன். என் போன் காணாமப் போச்சு. அப்பாவைக் கூட்டத்துல விட்டுட்டேன். அவர் நம்பரைச் சொல்லு, சீக்கிரம்."

நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் அவள் கேட்டாள்: "உங்க நட்சத்திரம் என்ன?"

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகனின் அதே குரல், அதே அழுகை. விபத்து என்று சொல்லிப் பணம் கேட்டிருக்கிறது. அனுப்பப் போன கடைசி நிமிடத்தில் என் மனைவிதான் தடுத்தாள். இப்போது கம்ப்யூட்டரே யார் குரலில் வேண்டுமானாலும் பேசும் என்று அன்று தெரிந்துகொண்டவள், வீட்டில் உடனே ஒரு சட்டம் போட்டுவிட்டாள். தெரியாத நம்பரிலிருந்து நம்மவர் குரல் வந்தால் நட்சத்திரம் கேட்க வேண்டும். பிறந்த நாளை ஊரெல்லாம் ஃபேஸ்புக்கில் பார்க்கிறது, நட்சத்திரத்தை யாரும் போடுவதில்லை என்பது அவள் வாதம். நான் கிரிக்கெட் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருந்தேன்.

சிக்கல் என்னவென்றால் எனக்கு என் நட்சத்திரம் தெரியாது. சிரிக்காதீர்கள். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து அதை அவள்தான் சொல்கிறாள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்பதோடு சரி. அதற்கு முன்னால் என் அம்மா சொன்னார். 'உத்தி' என்று ஆரம்பிக்கும் என்பது மட்டும் நினைவிருந்தது.

"உத்திராடம்!"

"தப்பு."

"இரு, இரு. உத்திரம். இல்ல, உத்திரட்டாதி!"

"மூணு தடவை சான்ஸ் கொடுக்க நான் என்ன ஏடிஎம் மெஷினா? வெக்கமா இல்ல, அடுத்தவங்க குரல்ல பேச?" என்று சொல்லி வைத்துவிட்டாள். திரும்பப் போட்டால் போகவில்லை. அந்த நம்பரையே பிளாக் செய்துவிட்டாள்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் நான். என் பிழைப்பே இந்தக் குரல்தான். முன்பின் தெரியாதவர்களைக்கூட போனில் பேசியே நம்ப வைப்பவன். கட்டிய மனைவியிடம் நான் நான்தான் என்று நிரூபிக்க முடியாமல் நடுத்தெருவில் நின்றேன். அழுகை வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன் கொடுத்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். தங்கையின் போனை வாங்கி, நம்பரை என்னிடம் கேட்டு, தானே போட்டார்.

"யக்கா, வெச்சிடாத. நான் சிந்தாதிரிப்பேட்டை, பொண்ணு வளைகாப்புக்குத் துணி எடுக்க வந்துகீறேன். இந்த ஆளை எனுக்கும் தெரியாது. நீ நம்பவே வாணாம். எங்களாண்ட ஒண்ணும் சொல்லவும் வாணாம். உங்க அப்பாருக்கு நீயே போன் போட்டு எங்க கீறாருன்னு கேளு. அப்பால உன் இஷ்டம்."

ஐந்து நிமிடம் இருக்கும். அந்தத் தங்கையின் போன் அடித்தது. என் மனைவிதான். "அப்பா மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குப் பக்கத்துல பஜ்ஜிக் கடையில உக்காந்திருக்காராம். நீங்க நிஜமாவே நீங்களா இருந்தா போய்க் கூட்டிட்டு வாங்க. வேற எவனாவதா இருந்தா, அங்க போலீஸ் நிக்குது, ஞாபகம் வெச்சுக்கோங்க."

அக்காவும் தங்கையும் பைகளைத் தூக்கிக்கொண்டு என்னோடே வந்தார்கள். மாமா கடை பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வேட்டிப் பையோடு இரண்டாவது வாழைக்காய் பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை லேசாக நடுங்கியதும் தானே ஏதாவது சாப்பிட ஒதுங்கியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "எங்க போனீங்க மாப்ள? நீங்க தொலைஞ்சு போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார். மகள் போன் செய்தபோது, அவள்தானா என்று உறுதிசெய்யத் தன் நட்சத்திரத்தைக் கேட்டிருக்கிறார். அவள் சரியாகச் சொன்ன பிறகுதான் இருக்கும் இடத்தையே சொன்னாராம். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பஜ்ஜி போடுபவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஆட்டோவில் வரும்போது எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. வீட்டுக் கதவைத் திறந்தவள் அப்பாவை உட்கார வைத்துச் சோறு போட்டாள். "இருபத்தாறு வருஷமா கேக்கற குரல், அது கூடவா தெரியாது?" என்று ஆரம்பித்தேன்.

"குரல் உங்களுதுன்னு தெரிஞ்சுதே, அதனாலதான் பயந்தேன்" என்றாள். "உங்க போனுக்குப் போட்டா சுவிட்ச் ஆஃப். எவனோ உங்க குரல்ல பேசறான். உங்களை என்ன பண்ணிட்டானுங்களோன்னு..." என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் அந்தச் சிந்தாதிரிப்பேட்டை நம்பரைப் பிளாக்கிலிருந்து எடுத்து நன்றி சொன்னாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். பெரும்பாலும் என்னைக் கேலி செய்துதான். வளைகாப்புக்கு நாங்கள் மூவரும் போய், கலந்த சாதம் ஐந்து வகையும் சாப்பிட்டு வந்தோம்.

என் மனைவியின் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், காலம் அப்படி. ஆனால் இப்போது தெருவில் யாராவது வந்து, "சார், ஒரு போன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால், எனக்கும் கை ஒரு நொடி தயங்குகிறது. பிறகு நம்பரைக் கேட்டு, நானே அழுத்தி, அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். என்னிடம் எதையும் நிரூபிக்கச் சொல்லாமல், வேர்த்த முகத்தைப் பார்த்ததுமே போனைக் கொடுத்தார் ஒருவர்; அவருக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு இது ஒன்றுதான்.