அம்மா கற்றுக்கொடுத்த ஒற்றைக் கை வணக்கம்

அம்மா எங்களைப் பிரிந்து ஒரு வருடம் முடிகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, ஊராரே, அம்மாவைத் தேடி வந்து பழகிய தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் அன்பு வணக்கம்.

இதை எழுதும்படி என்னிடம் சொன்ன சித்தப்பா கூடவே ஒரு கட்டளையும் போட்டார். "நல்லத மட்டும் எழுது பாப்பா. நாலு பேரு படிக்கறது" என்றார். சரி என்று தலையாட்டினேன். உட்கார்ந்து யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லதை மட்டும் சொல்வதுதான் அம்மாவிடம் இருந்த ஒரே பெரிய குறை. அதனால் நாங்கள் பட்ட பாட்டை எழுதாமல் அம்மாவைப் பற்றி எழுதவே முடியாது. சித்தப்பா மன்னிக்க வேண்டும்.

பென்னாகரம் போகும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஐந்து பெண் மக்களில் நான்காவதாக அம்மா பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் பாப்பாரப்பட்டிக்கு அருகே உள்ள எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் ராகியும் நிலக்கடலையும் உண்டு. பெய்யாவிட்டால் இருவரும் கூலிக்குப் போவார்கள். அம்மா புளி மண்டியில் கொட்டை எடுக்கும் வேலை செய்தார். அதனால் அவருடைய விரல் நகங்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மட்டும் சேலைத் தலைப்புக்குள் விரல்களை மறைத்துக்கொள்வார்.

நான் பிறந்து ஆறு வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். பிறந்தவுடன் அவன் அழவில்லை. அந்தச் சிறிது நேரத்தில் மூளைக்குக் காற்றுப் போகாமல் பாதித்துவிட்டது என்றும், கைகால் சரியாக வராது என்றும் பின்னால் டாக்டர்கள் சொன்னார்கள். நான்கு வயதில்தான் சுவரில் சாய்த்து வைத்தால் உட்கார்ந்தான். வலது கை மார்போடு மடங்கியே இருந்தது. இடது கை எப்போதாவது அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். வாயில் வந்தவை 'ம்மா', 'க்கா' என்ற இரண்டு சொற்கள். மற்றதற்கெல்லாம் சிரிப்புதான்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் சிலர் போன பிறவியின் பாவம் என்றார்கள். நம் கோவில்காரர்கள், ஆண்டவர் கொடுத்த சிலுவை, சுமந்துதான் ஆக வேண்டும் என்றார்கள். இரண்டுமே அம்மாவுக்குப் பிடிக்காது. "சிலுவைன்னா அது மரங்க. இது எம்புள்ளைங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

தம்பியைப் பற்றி யார் எது கேட்டாலும் நல்ல பதில்தான் வரும். "சாப்பிட்டானா?" என்றால், "ஒரு உருண்டை களி தின்னுட்டானுங்க" என்பார். அதை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனதையும், பாதி வெளியே வந்துவிட்டதையும் சொல்லமாட்டார். தூங்கினானா என்று கேட்டாலும் அதே கதைதான். அடுத்த வீட்டாருக்கு எங்கள் தம்பி ஒரு ராஜகுமாரன் போலத் தோன்றியிருப்பான்.

தம்பிக்கு ஏழு வயதானபோது, புளி உலுக்க மரமேறிய அப்பா கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். அம்மாவின் கூலி மட்டுமே வீட்டுக்கு என்றானது. அம்மா வேலைக்குப் போனால் தம்பியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்துவதாக வீட்டில் பேச்சு நடந்தது.

இதைக் கேள்விப்பட்ட என் பள்ளித் தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது என்றும், மூன்று மாதம் கழித்துத் தர்மபுரியில் முகாம் நடக்கப்போகிறது என்றும் சொன்னார். அங்கே டாக்டர் பார்த்துப் பாதிப்பு கடுமையானது என்று எழுதிக் கொடுத்தால் பணம் வரும். அதில் கொஞ்சம் கொடுத்தால் பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்கா தயாராக இருந்தார். நான் பள்ளிக்குப் போகலாம். என் படிப்பு முழுக்க அந்த ஒரு காகிதத்தில்தான் இருந்தது.

அந்த மூன்று மாதமும் அம்மா என்ன செய்தார் தெரியுமா? தம்பிக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார். வலது கை வராது என்பதால், இடது கையை மட்டும் நெற்றி வரை தூக்கும் ஒற்றைக் கை வணக்கம். புளி மண்டியிலிருந்து வந்ததும் அவனை எதிரே உட்கார வைத்து, முழங்கையைப் பிடித்து மேலே தூக்கித் தூக்கி விடுவார். அவன் அழுவான். அம்மா பாட்டுப் பாடிச் சிரிக்க வைத்து, மறுபடியும் தூக்குவார். "ஆபீசருங்க முன்னாடி நம்ம புள்ள தலைய தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கக் கூடாது" என்பார். கடைசி வாரத்தில் கை தானாகவே மேலே போனது. அன்றைக்கு அம்மா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

முகாமுக்குப் போன காலையில் தம்பிக்குப் புதுச் சட்டை, பவுடர், வகிடெடுத்த தலை. பஸ்ஸில் அவன் மடியில் எச்சில் வழிந்தபோதெல்லாம் அம்மா துடைத்துக்கொண்டே வந்தார். டாக்டர் இளவயதுக்காரர், அன்பாகத்தான் கேட்டார்.

"நடக்கறானாம்மா?"

"கையப் புடிச்சிக்கிட்டா நாலு எட்டு வெப்பானுங்க சார்."

"தானா சாப்பிடுவானா?"

"சாப்புடுவானுங்க."

"வெளிக்கு வந்தா சொல்றானா?"

"சொல்லிருவானுங்க. ரொம்ப சுத்தமான புள்ளைங்க."

அந்த நேரம் பார்த்துத் தம்பி இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். டாக்டர் வாய்விட்டுச் சிரித்து, "அடடே, கெட்டிக்காரப் பையனா இருக்கானே!" என்றார். அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. திரும்பும்போது எனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக் கொடுத்தார்.

சில வாரம் கழித்துத் தம்பியையும் தூக்கிக்கொண்டு உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனோம். குமாஸ்தா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "லேசான பாதிப்புன்னு எழுதியிருக்காரும்மா. இத வெச்சிக்கிட்டு நாங்க எதுவும் செய்ய முடியாதுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. டாக்டர் மேலும் இல்லை. அம்மா சொன்னதைத்தானே அவர் எழுதினார்?

பஸ் நிலையத்திலேயே நான் வெடித்தேன். பதின்மூன்று வயதுப் பெண் தன் தாயிடம் பேசக் கூடாத பேச்சையெல்லாம் பேசினேன். "நடக்க மாட்டான், ஊட்டோணும், எல்லாம் படுத்த எடத்துலதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னவாம்?" என்று கத்தினேன். அம்மா தம்பியின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அவன மடியில வெச்சிக்கிட்டு அத எப்பிடிடி சொல்லுவேன்? அவனுக்கு எல்லாம் புரியுது."

எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்குத் தலைகுனிந்தவள், இதை எழுதும்போதும் தலைகுனிந்தே எழுதுகிறேன்.

அடுத்த முகாம் வர ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் நான் பள்ளிக்குப் போகவில்லை.

இரண்டாம் முகாமில் எங்களுக்கு முன்னால் வத்தல்மலையிலிருந்து வந்த ஒரு தாய் நின்றிருந்தார். இடுப்பில் அவருடைய மகள், கால் இரண்டும் துணி போலத் தொங்கின. தலை சிக்குப் பிடித்து, முகம் கழுவாமல் இருந்தது. அம்மா ஏன் என்று கேட்டார். "இப்பிடி இருந்தாத்தான் நம்புவாங்கன்னு சொன்னாங்கக்கா" என்றார் அந்தப் பெண். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ப வெக்கறதுக்கு நமக்கு வாய் இருக்குதில்ல? புள்ள தலைய எதுக்கு இப்பிடி வெச்சிருக்கற?" என்று பையிலிருந்து சீப்பை எடுத்து, வரிசையில் நின்றபடியே அந்தக் குழந்தைக்குச் சிக்கெடுத்துச் சடை போட்டுவிட்டார்.

எங்கள் முறை வந்தது. அதே டாக்டர். தம்பி கையை உயர்த்தினான். டாக்டருக்கு ஞாபகம் வந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இந்த ஒரு வணக்கத்துக்கு மூணு மாசம் ஆச்சுங்க சார். மத்ததையும் சொல்றனுங்க. அதுக்கு முன்னாடி இவன் வெளிய போவட்டும்" என்றார். என்னைப் பார்த்து, "பாப்பா, தம்பியத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்துக்கிட்ட போ. கிட்டத்துல நிக்காத" என்றார்.

உள்ளே அம்மா என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. வெகுநேரம் பேசினார். வெளியே வந்தபோது முகம் அழுது வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னாலேயே டாக்டரும் வந்தார். தம்பியின் முன்னால் நின்று, தன் இடது கையை மட்டும் நெற்றிக்கு உயர்த்தி அவனுக்குப் பதில் வணக்கம் சொன்னார். தம்பி சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

சில மாதங்களில் தபால்காரர் மணியார்டரோடு வந்தார். ஒரு வருடம் பிந்தினாலும் நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். இன்று ஓர் ஆசிரியையாக நிற்கிறேன்.

அதன்பின் பாப்பாரப்பட்டிச் சந்தை நாளில் தம்பியைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் அம்மாவைத் தேடி வரத் தொடங்கினார்கள். அனுப்பி வைத்தது அந்த வத்தல்மலைத் தாய்தான். மனு எழுதுவது என் வேலை. மண்டியின் பின்புறம் புளி மூட்டை மேல் டாக்டர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, கேள்வி கேட்டு அவர்களைப் பழக்குவது அம்மாவின் வேலை. "தானா சாப்புடுதா?" என்று கேட்பார். ஒரு தகப்பன் பழக்க தோஷத்தில், "நல்லா சாப்புடுமுங்க" என்பார். "அப்ப பணம் வேண்டாம், எந்திரிச்சிப் போங்க!" என்று அம்மா அதட்டுவார். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வரும். எல்லோருக்கும் அவர் சொன்ன விதி ஒன்றுதான். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமாகக் கொண்டுபோய்க் காட்டு, அப்புறம் வெளியே அனுப்பிவிட்டு உண்மையைச் சொல். எல்லோருக்கும் பணம் கிடைத்துவிடவில்லை. ஒரு குழந்தைக்கு உத்தரவு வருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்த வீட்டுக்குப் போய் வந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மகனுக்காக உண்மை பேசக் கற்றுக்கொண்டவர், தனக்காக மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை. போன வருடத்துக்கு முந்தைய வருடமே வயிற்றில் வலி தொடங்கியிருக்கிறது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எங்கே வலி என்று டாக்டர் கேட்க, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணுமில்லீங்க" என்றார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தம்பியை வெளியே அனுப்பியது போல என்னையும் அனுப்ப வேண்டியிருந்திருக்கும். நானாகவே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தபோது நோய் கைமீறிவிட்டது. கடைசி நாட்களிலும் தம்பியின் பக்கமாகவே திரும்பிப் படுத்திருந்தார். வலி கூடும்போது வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொள்வார்.

அம்மாவுக்குப் பின் உதவித்தொகையை அப்பா பெயருக்கு மாற்றப் புதிய சான்றிதழ் கேட்டார்கள். தம்பியை, கோலூன்றி வந்த அப்பாவோடு வெளியே உட்கார வைத்துவிட்டு நான் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். எத்தனை பேருக்கு மனு எழுதியவள் நான்! ஆனாலும் தம்பி எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது, "நல்லா இருக்கானுங்க சார்" என்பதுதான். பிறகுதான் அழுதுகொண்டே மற்றதைச் சொன்னேன். அன்றைக்கு அம்மா அந்த அறைக்குள் என்ன பேசியிருப்பார் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

இனி நன்றி. என் படிப்பைக் காத்த தலைமையாசிரியர் ஐயாவுக்கும், தம்பியைத் தன் பிள்ளையாகப் பார்த்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த பங்குச் சாமியாருக்கும் எங்கள் நன்றி. மலையிலிருந்து இறங்கி, எண்ணெய் வைத்து ரிப்பன் கட்டிய மகளோடு அடக்கத்துக்கு வந்த அந்தத் தாய்க்கும், புளி மண்டிப் பெண்கள் அனைவருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடக்கத்தன்று பலருக்கு நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசும் நிலையில் இல்லை. ஆனால் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் இடது கையை நெற்றி வரை தூக்கினான். கூட்டம் குறையும்வரை தூக்கிக்கொண்டே இருந்தான். அழுகைக்கு நடுவே பலர் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். இன்று திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் அவனை உட்கார வைத்திருப்போம். அவன் கை மேலே வர நேரமாகும். கொஞ்சம் நின்று, அவன் வணக்கத்தை வாங்கிக்கொண்டு போங்கள்.