இன்ஜினியர் எனக்குப் போட்ட அறை

எங்கள் பரங்கிப்பேட்டையில் வீடு கட்டுவது மகளுக்காக. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மகன் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன், அவனுக்கு எதற்கு அறை? இது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். கடலூர் இன்ஜினியருக்குத்தான் தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில், தங்கைக்கு வீடு கட்ட வேண்டும், பிளான் போட ஆள் பார் என்று பினாங்கிலிருந்து வாப்பா எனக்குக் கடிதம் எழுதினார். நான் அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது தினமும் ரயில் ஏறிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. விருந்தாளிகள் வந்தால் அதன்மேல்தான் உட்காருவார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த இன்ஜினியர் தாளை விரித்துக்கொண்டு கேட்டார்: "வீட்டுல எத்தினி பசங்க தம்பி?"

"நானும் ஒரு தங்கச்சியும் சார்."

"அப்ப வீடு ஒனக்குத்தான். பொண்ணு நாளைக்கிக் கட்டிக்குடுத்தா போயிடும்."

யோக்கியனாக இருந்தால் அங்கேயே வாயைத் திறந்திருப்பேன். நான் திறக்கவில்லை. வீடு உனக்கு என்று பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் சொன்னதில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று இன்ஜினியர் தங்கையின் வீட்டை எனக்கு வாரி வழங்கினார். மாடியில் விசாலமான அறை. கடல் காற்றுக்குக் கிழக்கே ஜன்னல். சுவருக்குள் புத்தக அலமாரி, நான் நின்றால் கைக்கு எட்டும் உயரத்தில். தங்கைக்கு அடுப்படியை ஒட்டி ஓர் அறை, அவளும் அரிசி மூட்டையும் முறைவைத்து மூச்சுவிடும் அளவுக்கு. நான் நாலு முறை கடலூருக்குப் போனேன். போகும்போதெல்லாம் ஜன்னலை அரை அடி அகலமாக்கினேன். தங்கச்சிக்காகப் பிள்ளை எப்படி அலைகிறான் என்று உம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்தார். அந்தப் பாராட்டையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

பிளான் வந்தது. உம்மா அதைப் பாயில் விரித்து, விரலாலேயே வாசல் வழியாக நுழைந்து, படியேறி, என் அறையில் போய் நின்றார். "இது யாருக்கு?"

இன்ஜினியர் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தங்கை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள்: "மகன் ரூமாம் உம்மா."

உம்மாவுக்கு வந்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. "மகனுக்கு ரூமா? நீ எந்த வூட்டுக்கு மாப்புள்ளயாப் போறியோ, அங்க போயி கேளு."

எனக்கு அழுகை வந்தது. இருபது வயதில் அழ முடியாது என்பதால் கோபித்துக்கொண்டேன். தங்கை பென்சிலை எடுத்து, இன்ஜினியர் எழுதியதை அடித்துவிட்டு, தன் பெயரை எழுதினாள்.

"ரூமு நல்லா இருக்கு நானா. ஜன்னல மாத்த வேணாம்."

வீடு அப்படியே எழும்பியது. அடுப்படி அறைக்கு அரிசி மூட்டை மட்டும் குடிபோனது. தங்கைக்கு வாய்த்த மாப்பிள்ளை என் ஜன்னலடியில் கட்டில் போட்டுக்கொண்டார். நான் அங்கே போகும்போதெல்லாம், "காத்து வருதா மச்சான்?" என்று கேட்பேன். "வருது மச்சான்" என்று படுத்தபடியே சொல்வார். என் அலமாரியில் அவருடைய அத்தர் புட்டிகள் இருக்கும்.

அடுத்த வருஷம் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிள்ளைக்கு மாப்பிள்ளையாகப் போனேன். மனைவி என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். கிழக்கே அகலமான ஜன்னல். சுவருக்குள் அலமாரி, ஓர் ஆண்பிள்ளை நின்றால் கைக்கு எட்டும் உயரத்தில். பிளான் யார் போட்டது என்று கேட்டேன்.

"எங்க நானாதான் கூடவே நின்னு போட்டுச்சு. எனக்காகக் கடலூருக்குப் பத்து நடை நடந்துச்சு" என்று பெருமையாகச் சொன்னாள்.

மறுவாரம் அந்த அண்ணன் தன் மாமியார் வீட்டிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். மாடி அறையில் கதவோரமாக ஒரு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். டீயைக் குடித்தார். பினாங்கு, மழை, மீன் விலை எல்லாம் பேசி முடித்தார். பிறகு ஜன்னலைப் பார்க்காமல் கேட்டார்.

"காத்து வருதா மச்சான்?"

நான் ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன்.

"இங்க வந்து ஒக்காந்து பாருங்க மச்சான்."